பைப்படிக் கடைக்கு ஆள் வருதா

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இஸ்திரிப்பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கிறதே என்று தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதைதான் காதில் விழும், மீதியை டவுன் பஸ் ஹாரன் தின்றுவிடும், அப்புறம் பண்ணாரி சொன்ன கதைக்குத் தலை இருக்கு வால் இல்லை என்று என்னையே குறை சொல்வீர்கள்.

இந்தச் சல்லடைச் சந்து இருக்கிறதே, மணிக்கூண்டுப் பக்கம் வாயும் பழைய சினிமாக் கொட்டகையின் பின்சுவரில் முடிவுமாக, இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயே தீர வேண்டிய அகலத்தில் கிடக்கிறதே, இதன் வாயில் குழந்தைவேலின் பாத்திர மாளிகை, கண்ணாடிக் கதவும் உள்ளே ஏசியுமாக. அதை அடுத்து ராவுத்தர் டீக்கடை. அப்புறம் கயிற்றுக் கடை, தார்ப்பாய்க் கடை, பூட்டுக் கடை என்று வரிசையாகப் போய், கடைசிக்கு முந்தியது வேலாத்தாளின் சல்லடைக் கடை. அதற்கும் அப்பால், முனிசிபாலிட்டித் தண்ணீர்ப் பைப்பு சொட்டுகிற இடத்தில், இனிப் போக வழியில்லை என்று சுவர் வந்து நிறுத்துகிற இடத்தில், சென்னியப்பனும் அவன் பெண்சாதி மகுடேஸ்வரியும் வைத்திருந்த குக்கர் கடை. குக்கருக்கு கேஸ்கட், விசில், கைப்பிடி, மிக்சி ஜாருக்கு பிளேடு, கிரைண்டருக்கு பெல்ட், இவ்வளவுதான் வியாபாரம். சந்தில் எல்லோருக்கும் அது குக்கர் கடை. சென்னியப்பன் மட்டும் பைப்படிக் கடை என்பான்.

அவன் கை நல்ல கை. ஆனால் ஆள் வந்தால்தானே கைக்கு வேலை. சந்து வாய்க்கு வருகிறவர்கள் குழந்தைவேலின் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்கள், பைப்படி வரைக்கும் நடக்க யாருக்கும் கால் வராது. ஒருநாள் மத்தியான வெயிலில், "இப்படி ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தா, இந்தக் கடைக்கு ஆள் வர்றதுக்குள்ள என் தலை நரைச்சுப் போயிரும் மாமா" என்று மகுடேஸ்வரி சந்தே கேட்கச் சொல்லிவிட்டாள். கோபமா கேலியா என்று அவளுக்கே தெரியாது. சந்து சிரித்தது, அவனும் சிரித்தான். அந்த வாரமே, வடக்கே போர்க் கிணறு போடப் போகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆட்களுக்குச் சமைத்துப் போட ஒருத்தர் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், இவன் லாரியில் ஏறிவிட்டான். ஏறும்போது, "ஆள் வந்தாச் சொல்லி அனுப்பு மகுடீ, வந்தர்றேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொன்னான்.

முதலில் போன் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க மாட்டான். எடுத்ததும், "நம்ம பைப்படிக் கடைக்கு ஆள் வருதா?" என்பான். மகுடேஸ்வரிக்குப் பொய் வராது. "இல்லீங்" என்பாள். அந்தப் பக்கம் காற்று இரைகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். சும்மாவாவது வாங்க என்கிற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்து ஒவ்வொரு தடவையும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்ல ஆரம்பித்தது. ரிக் வண்டிக்காரரைப் போய்க் கேட்டால், ஒடிசாவையும் தாண்டி ஏதோ ஒரு ஊரில் இறங்கிக்கொண்டான், சோற்றுக்கடை போடப் போவதாகச் சொன்னான், ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்றார்.

அவன் உட்கார்கிற ஸ்டூல், ஒரு கால் ஆடும், கம்பி சுற்றி இறுக்கியிருப்பான். அதில் அவள் யாரையும் உட்கார விட்டதில்லை. எதிரே தன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஆள் வராத பகல் முழுக்கப் போனைப் பார்த்தாள். படம் பார்க்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவளோ எஸ்.இ.ஓ. என்று ஒரு வித்தை படித்துக்கொண்டிருந்தாள்.

"அதென்ன கண்ணு வித்தை?" என்று கேட்டேன்.

"பெரிய வித்தையெல்லாம் இல்லீங்ணா. சனங்க போன்ல எதையாச்சும் தேடறாங்கல்ல? அவுங்க வாயில என்ன வார்த்தை வருதோ அந்த வார்த்தை போன்ல நம்ம கடைக்குன்னு இருக்கற பக்கத்துல இருக்கோணும். கேட்ட கேள்விக்கு நேரா பதில் இருக்கோணும். போட்டோ, கடை தொறக்கிற நேரம், போன் நம்பரு எல்லாம் சரியா இருக்கோணும். அப்பத்தான் போனு நம்மளை முன்னாடி கொண்டுபோய் நிறுத்தும்."

"முன்னாடின்னா?"

"தேடறவங்க கண்ணு முன்னாடிங்ணா. பத்தாவதா கெடக்கற கடையை எவன் பாக்கறான்? நம்ம சந்துக் கதைதான்."

கேஸ்கட்டை உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்தாள். குக்கரில் ஓரத்தில் ஆவி போனால் என்ன செய்ய வேண்டும், ரப்பர் எத்தனை நாள் தாங்கும், எந்தக் கம்பெனி ஜாருக்கு எந்த பிளேடு சேரும் என்று தினம் ஒன்றாக எழுதினாள். வந்த ஒருத்தர் இரண்டு பேரிடமும், "நல்லா இருந்தா மட்டும் நல்லா இருக்குன்னு போடுங்க்கா, இல்லாட்டி என்ன கொறைன்னு போடுங்க" என்றாள்.

ஒரு காலையில் வேலாத்தா குடத்தோடு வந்தவள் பைப்படியில் நின்று கத்தினாள். அவளுடைய சல்லடைக் கடைதான் இப்போது கடைசிக் கடை. குக்கர் கடை அதைத் தாண்டி ஒரு கடை முன்னால் போய், எப்போதும் அங்கேயே இருந்ததுபோல் நின்றிருந்தது.

"ஏண்டி மகுடீ, என்ற கடையைத் தூக்கி மூலைல வெச்சுட்டியா?"

"நான் எங்கீங்க்கா தூக்குனேன், சாவி என்ற இடுப்புலதான் இருந்துச்சு."

எல்லோரும் போய்ப் பார்த்தோம். சுவரில் விரிசல் இல்லை. கதவு நம்பர்த் தகடு கூடவே வந்திருந்தது, பழைய போஸ்டரில் பாதியும், ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லியும் கூடவே வந்திருந்தன. ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நகந்தா நகந்துட்டுப் போகட்டும், ஆறிப்போகுது, டீயைக் குடிங்க" என்றார். கரண்டு ஆபீஸ்காரர் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது, போய்விட்டார். வேலாத்தா அரைநாள் வைதாள், மத்தியானம் குடத்தைத் தூக்காமல் வாசலிலேயே தண்ணீர் பிடிக்க முடிந்ததும் வைவதை நிறுத்திக்கொண்டாள்.

அதிலிருந்து போனில் மகுடேஸ்வரியின் கடை ஓரிடம் ஏறினால் சந்திலும் ஓரிடம் ஏறும். ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் நகரும். யாரும் கண்ணால் கண்டதில்லை. கயிற்றுக் கடைக்காரர் பார்த்தே தீருவேன் என்று காவல் இருந்தார், ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணைத் துடைப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டது. நாங்களும் பழகிக்கொண்டோம். சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் அவரவர் வண்டியை ஓரம் கட்டி, சந்தின் நடுவைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பது வழக்கமானது, பெரியவர்கள் நடக்கும்போது வழி விடுகிறோமில்லையா, அது மாதிரி. தபால்காரர் சந்து வாயில் நின்று, "இன்னிக்கு எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். என் இஸ்திரி வண்டியைப் பாருங்க, சக்கரத்தில்தான் நிற்கிறது, இத்தனை வருஷத்தில் இந்த வேப்பமரத்தடியை விட்டு ஒரு அடி போனதில்லை. செங்கல்லும் சிமெண்ட்டுமான அவள் கடை போய்க்கொண்டே இருந்தது.

அந்த நாளில்தான் கோபிச் சமாச்சாரம் நடந்தது. கடைக்கு வருகிற பெண்கள் ஆவி ஒழுகுகிற குக்கரை, அழுவற குக்கர் என்பார்கள். மகுடேஸ்வரி அதையும் அப்படியே எழுதி வைத்திருந்தாள். கோபியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பெண்சாதி சொல்லிக் கொடுத்தபடியே, "அழுவற குக்கரை யாரு பாப்பாங்க" என்று போனிடம் கேட்டிருக்கிறார். அந்த மாதிரி கேட்டவர் ஊர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான், அந்த மாதிரி எழுதி வைத்திருந்ததும் இந்த ஒரு கடைதான். விடிந்தால் சந்தில் கடை இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கையில் போன் வந்தது.

"ஏம்மா, உங்க கடை எங்க வீட்டு வாசல்ல நிக்குது. ஸ்கூட்டர் எடுக்க முடியல. கொஞ்சம் வந்து தொறங்க."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோபி பஸ் ஏறிப் போனாள், தென்னை மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்ற தன் கடையைத் திறந்தாள், கேஸ்கட்டை மாட்டிக் கொடுத்தாள், வாத்தியார் வீட்டில் காபி குடித்தாள், ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் திரும்பப் பஸ் ஏறினாள். அவள் வந்து இறங்குவதற்குள் கடை அவளுக்கு முன்னால் வந்து நின்றது. ராவுத்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடுத்த தடவை கடைக்குள்ளயே படுத்துக்க அம்மிணி. பஸ் சார்ஜ் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. கோபி இருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குக்கர் கடை ஒவ்வொரு கடையாகத் தாண்டி முன்னே போகப் போக, கூட்டம் வந்தது. பவானியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் மூடியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டம் கூடின பிறகு கடை வெளியூர் போவது நின்றுவிட்டது. ஆயிரம் பேர் சந்து வாய்க்கு இழுக்கிறபோது எங்கோ இருக்கிற ஒருத்தர் இழுப்பு எம்மாத்திரம். பார்த்தார் குழந்தைவேலு. கோயமுத்தூரில் ஒரு ஆபீஸைப் பிடித்து, போனில் தன் கடைப் பக்கத்தில் குக்கர் குக்கர் குக்கர் என்று மூச்சு விடாமல் எழுத வைத்து, கடைக்கே வராதவர்களைக் கொண்டு ஆகா ஓகோ என்று போட வைத்தார். அவர் மாளிகை சந்து வாயையே தாண்டி வெளியே வந்து மணிக்கூண்டை இடிக்கிற மாதிரி நின்றது. போனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்தால் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாமாகச் சாக்கடைக்கு அந்தப் பக்கம், எருமை கட்டுகிற காலியிடத்தில் நிற்கிறது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து எருமைகள் முட்டின. மகுடேஸ்வரிதான் போய், "அண்ணா, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லுங்க, கூவாதீங்க" என்று அத்தனையையும் அழித்து, புதிதாக எழுதிக் கொடுத்தாள். மாளிகை மெல்ல மெல்லச் சந்துக்குத் திரும்பி வந்தது. ஆனால் வாய்க்கடை இப்போது அவளுடையது. போனிலும் முதல் இடம், சந்திலும் முதல் இடம்.

சந்தே செழித்தது. மற்றவர்களுக்கும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள், அவரவர் கடையும் முன்னே பின்னே நடந்து பழகியது. பார்சல் குண்டூருக்குப் போனது, ராய்ப்பூருக்குப் போனது, துபாய்க்குப் போனது. ஒவ்வொரு பார்சலிலும் விலாசத்தை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவாள், சோற்றுக்கடை என்று எதிலாவது வருகிறதா என்று. போனில் கடைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியும் போட்டு வைத்தாள்: சென்னியப்பன் மாமா, கடைக்கு ஆள் வருது, வாங்க.

எல்லோரும் வந்தார்கள். வருஷம் போனது. கூட்டத்தில் யாராவது அந்த ஆடுகிற ஸ்டூலை இழுத்தால், அவளுக்குக் கை வேலையில் இருந்தாலும் கண் பார்த்துவிடும், "அதுக்கு ஆள் இருக்குதுங்க" என்பாள்.

ஒரு மத்தியானம் ராவுத்தர் டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். சென்னியப்பன் போனைக் கையில எடுத்தா, குக்கர் கேஸ்கட்டா தேடுவான்?"

"அவரு எதுக்குங் தேடறாரு? பழைய டயர் ட்யூபைக் குடுத்தா கேஸ்கட்டை அவரே வெட்டிக்குவாரு."

"படிக்கத் தெரியுமா?"

"பேரு எழுதுவாரு. மத்தபடி போனைப் பாத்துப் பேசறதுதான்."

"அப்ப என்னத்தைப் பேசுவான்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் காது மட்டும் ஏமாறாது. அவள் வாயைத் திறந்தபோது வந்தது சென்னியப்பனின் குரல், அதே இழுப்பு, அதே கரகரப்பு.

"நம்ம பைப்படிக் கடைக்கு ஆள் வருதா?"

ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை எழுதினாளே, ஊர்ப் பெண்கள் வாயில் வருவதையெல்லாம் எழுதினாளே, தன் புருஷன் வாயில் வந்த ஒரே கேள்வியை எங்கேயும் எழுதவில்லை. பைப்படி என்கிற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. எப்படி இருக்கும், கடைதான் பைப்படியில் இல்லையே. அவன் எத்தனை தடவை கேட்டானோ, போன் எத்தனை தடவை அப்படி ஒரு கடை இல்லை என்று சொல்லிற்றோ.

மறுநாளிலிருந்து போனில் எழுதினதையெல்லாம் அவள் அழிக்கத் தொடங்கினாள். பிளேடை அழித்தாள், கடை டீக்கடைக்குப் பின்னால் போனது. பெல்ட்டை அழித்தாள், கயிற்றுக் கடையைத் தாண்டி இறங்கியது. சந்து பதறிப்போனது. வேலாத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிறுக்கு புடிச்சிருச்சாடி? ஊரே தேடி வருது, நீ உள்ள போயி ஒளியற!"

"ஊரு வந்துருச்சுங்க்கா. நான் ஊரையா வரச் சொன்னேன்?"

"அந்த மனுசன் எந்த ஊர்ல எவகூட இருக்கானோ!"

"இருந்தா இருக்கட்டும். ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாரு, நான் இல்லீங்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லோணும்."

குழந்தைவேலு கூட வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். "வாய்க்கடையை நானே தூக்கிக் குடுக்கறேன்னாலும் வேண்டாங்கறியே ஆத்தா." வந்த கூட்டத்தை அவள் வீணாக்கவில்லை. கேஸ்கட்டுச் சரக்கும், அதற்கென்று எழுதினவையும் வேலாத்தாளுக்கு; பிளேடும் ஜாரும் குழந்தைவேலுக்கு. கேட்டு வருகிறவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு சொல்லாகக் கழன்றுபோகப் போக கடை ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் சினிமாக் கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, பைப்படியில் நின்றது. வேலாத்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நடந்தாள்.

அப்போது போனில் கடைப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நம்ம பைப்படிக் கடைக்கு ஆள் வருதா. அதற்குக் கீழே ஒரே ஒரு பதில். ஆள் வந்தாலும் வராட்டியும் நீங்க வாங்க.

பிறகு காத்திருந்தாள். யார் என்ன கேட்டுத் தன் கடையைப் பார்த்தார்கள் என்று போன் ஒரு கணக்கு காட்டுமாம். தினம் காலையில் பார்ப்பாள், வெறுமையாக இருக்கும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷட்டரைத் துடைப்பாள். ஆடி வந்து காற்றடித்தது, ஐப்பசி வந்து பைப்படியில் தண்ணீர் கட்டியது. பைப்பு சொட்டுகிற சத்தத்தையும் அவள் பெருமூச்சையும் என் காதால் பிரித்துச் சொல்ல முடியாமல் போன நாட்கள் உண்டு. கேட்காமலே ஒவ்வொருத்தரும் அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிவிட்டுத்தான் கடை திறப்போம்.

தை பிறந்து ஒரு சாயங்காலம். பேன்ட் மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி சந்து வழியே வந்தாள். என்னிடம் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே கேள்வி, நம்ம என்கிற சொல்லும் விடாமல். கேட்டவர், ஒருத்தர்.

"எங்கிருந்து கண்ணு?"

"அது காட்டலீங்ணா" என்றாள். "எனக்குத்தான் வழி தெரியாது. கோபிக்குப் போன கடைக்குத் தெரியும்."

வீட்டுக்குப் போய் ஒரு பையில் துணி எடுத்து வந்தாள். வேலாத்தா தனக்கென்று வாங்கி வைத்திருந்த பூவில் ஒரு முழம் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். டீக்கடையில் போய் நின்றாள்.

"ரெண்டு டீ பார்சல் குடுங்க. ரெண்டுலயும் சக்கரை கம்மி."

அந்தச் சந்தில் சர்க்கரை கம்மியாகக் குடிக்கிறவன் யார் என்று ராவுத்தருக்குத் தெரியும். பிளாஸ்கைக் கழுவி அதில் டீயை ஊற்றினார். காசை நீட்டினாள், அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விடியறதுக்குள்ள ஆறிப்போயிரும்டி" என்றாள் வேலாத்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அவரு ஆற வெச்சுத்தானுங்க்கா குடிப்பாரு."

கடை சாத்துகிற நேரம். ஒருத்தரும் சொல்லாமலே வண்டிகள் ஓரத்துக்குப் போயின. குழந்தைவேலு தன் கையாலேயே விளக்குமாறு எடுத்தார். கயிற்றுக் கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, பைப்படியிலிருந்து மணிக்கூண்டு வரைக்கும் தெளித்துக்கொண்டே போனார். மகுடேஸ்வரி எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போனாள். கம்பி சுற்றின ஸ்டூலை முந்தானையால் துடைத்து நேராக வைத்தாள், எதிரே தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், நடுவில் பிளாஸ்கை வைத்தாள். பிறகு, இத்தனை காலமும் வெளியில் நின்று இழுத்துப் பூட்டின அந்த ஷட்டரை, உள்ளே நின்றபடி, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.